திம்பம் ஏறும் லாரி, தொப்பூர் இறங்கும் லாரி

ஈரோடு, சேலம் பதிப்புச் செய்தித்தாள்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு இடப்பெயர்கள் மனப்பாடமாகியிருக்கும். ஒன்று திம்பம், மற்றொன்று தொப்பூர். திம்பத்தின் பெயர் வந்தால் அது பெரும்பாலும் நெரிசல் செய்தி. இன்ன வளைவில் பாரம் ஏற்றிய லாரி பழுதாகி நின்றது, தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையே இத்தனை மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு என்று முடிந்துவிடும். தொப்பூரின் பெயர் வந்தால் அடுத்த வரியைப் படிக்கவே தயக்கமாக இருக்கும். அந்த வரியில்தான் இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும்.

மலையை அளந்து பார்த்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். திம்பம் உண்மையான மலை. சத்தியமங்கலத்தைத் தாண்டி பண்ணாரியில் தொடங்கும் சாலை, 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேருகிறது. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே 700 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு. தொப்பூரில் அப்படி எதுவும் இல்லை. தர்மபுரிப் பீடபூமியிலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்கும் ஒரு கணவாய், அவ்வளவுதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மொத்த உயர வேறுபாடே 200 மீட்டரைத் தாண்டாது. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பழைய கணக்கில் 7-ஆம் எண் சாலை, நடுவில் தடுப்பு வைத்த அகலமான வழியாக அங்கே இறங்குகிறது. காரில் போகிறவருக்குக் கணவாய் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆனால் 35 டன் எடையோடு இறங்குகிறவருக்குத் தெரியும். அல்லது தெரிய வேண்டிய நேரம் கடந்த பிறகு தெரியும். இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: திம்பத்தில் சாலையே ஓட்டுநரைக் கட்டுப்படுத்துகிறது. தொப்பூரில் அந்தக் கட்டுப்பாடு முழுவதையும் ஓட்டுநரின் தலையில் வைத்துவிட்டு, அவர் அதை மறப்பதற்கான எல்லாக் காரணங்களையும் நாமே அவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். பண்ணாரி மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து, சூடம் காட்டிவிட்டு மலையேறும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார், கயிற்றின் இறுக்கத்தைப் பார்க்கிறார், ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்கிறார். பக்தியும் பராமரிப்பும் ஒரே நிறுத்தத்தில் நடந்துவிடுகின்றன. இந்த நிறுத்தம் மிகவும் முக்கியமானது என்று நினைக்கிறேன். தொப்பூரைப் பேசும்போது இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஏற்றத்தில் ஆற்றல் எங்கே போகிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 16 டன் எடையுள்ள லாரியை 750 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 118 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சினோ அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக, டயர் உராய்வு, காற்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே எட்டு முதல் பத்து லிட்டர் டீசல் பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே எரிந்துபோகும். அந்தத் தூரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. சமவெளியில் அதே டீசலில் அந்த லாரி அதைப்போல மூன்று மடங்கு தூரம் போயிருக்கும்.

இவ்வளவு டீசல் எரிந்தாலும் வேகம் என்னவோ மிதிவண்டி வேகம்தான். கொண்டை ஊசி வளைவின் கொடுமை அதன் உள்விளிம்பில் இருக்கிறது. வளைவின் நடுக்கோட்டில் சாய்வு எவ்வளவோ, உள்விளிம்பில் அதைவிடப் பல மடங்கு செங்குத்து. அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் வரும் வித்தை இது. அதனால் தேர்ந்த ஓட்டுநர் உள்பக்கம் போகவே மாட்டார். வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, எதிரே வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளிவிளிம்பு வரை அகலமாக எடுத்து, பின்சக்கரம் உள்ளே அறுத்துக்கொண்டு வருவதற்கு இடம் விட்டுத் திருப்புவார். கியரை வளைவுக்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். வளைவின் நடுவில் கியர் தேடினால் வண்டி நின்றுவிடும். நின்ற பாரவண்டியை அந்தச் சாய்வில் மறுபடி நகர்த்தக் கிளட்ச் தீய வேண்டும். அதற்குள் அது பின்னால் உருளத் தொடங்கினால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். “வரட்டும், வரட்டும், ஹோல்டான்ணே!” என்ற குரல் கேட்கும்போது ஓட்டுநரின் பின்னால் பள்ளத்தாக்கு இருக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை. கிளீனரின் குரலை மட்டுமே நம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டும் வழக்கம் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தக் குரல் எத்தனை வண்டிகளில் இல்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கிளீனர் வேலை வெறும் எடுபிடி வேலை என்று கணக்குப் போட்டு அதை வெட்டியவர்கள் திம்பத்தில் ஒருமுறை இறங்கி நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று இந்தியச் சாலை விதியே சொல்கிறது. நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது யாருக்குக் கடினம் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. திம்பத்தில் லாரிக்காரர்கள் இதைப் பெரும்பாலும் மதிக்கிறார்கள். மதிக்காதவர்கள் அவசரத்தில் போகும் கார்க்காரர்கள்தான். ஏறும் லாரியின் முன்னால் மூக்கை நுழைத்து அதை நிறுத்திவிடுவார்கள். பிறகு இரண்டு மாநிலமும் நின்றுகிடக்கும்.

இறக்கத்திலும் திம்பம் ஓட்டுநரை விடுவதில்லை. தாளவாடிப் பக்கத்திலிருந்தும் சாம்ராஜ்நகர் பக்கத்திலிருந்தும் சத்தியமங்கலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரிகள் இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. பாடிக்கு மேல் கட்டிய கரும்பு ஆடிக்கொண்டே வரும். அந்த லாரிகளில் எவ்வளவு துணிந்த ஓட்டுநர் இருந்தாலும் நியூட்ரலில் விட முடியாது. இருநூறு, முந்நூறு மீட்டர் போவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வந்து நிற்கும். அங்கே நடை வேகத்துக்கு வந்தே தீர வேண்டும். இருபத்தேழு முறை மலை அவரைக் கேட்கிறது: வண்டி உன் பிடியில் இருக்கிறதா? இல்லை என்றால் அது முதல் இரண்டு வளைவுகளிலேயே தெரிந்துவிடும். வேகம் அதிகமாவதற்கு முன்பே தெரிந்துவிடும். அதனால்தான் இங்கே லாரிகள் அதிகமாகச் செய்வது நிற்பதும், சாய்வதும், தடுப்புச்சுவரில் முட்டுவதும். பள்ளத்தில் விழுந்து உயிர் போனதும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் திம்பத்தில் ஒரு வண்டியின் தவறு பெரும்பாலும் அந்த ஒரு வண்டியோடு முடிகிறது.

இந்த மலைக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அது காடு. சாலை முழுவதும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். லாரியிலிருந்து விழும் கரும்பும், ஓட்டுநர்களே வீசிவிட்டுப் போகும் கரும்பும் அவற்றுக்குப் பழகிப்போய்விட்டன. வன உயிர்கள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட ஆட்சியர் இரவுப் போக்குவரத்துத் தடை அறிவித்தார். அறிவிப்பு காகிதத்திலேயே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்து, இலகு ரக வண்டிகளுக்கு இரவு 9 மணியிலிருந்து, காலை 6 மணி வரை பாதை மூடல். அந்த ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் இன்னொரு கோட்டையும் போட்டது: 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் திம்பத்தில் அனுமதி இல்லை.

இந்த 16.2 டன் என்ற எண் லாரி உலகத்துக்கு நன்கு தெரிந்த எண். முன் அச்சுக்கு 6 டன், பின் அச்சுக்கு 10.2 டன் என்று, இரண்டு அச்சு உள்ள ஆறு சக்கர லாரிக்குச் சட்டம் நெடுங்காலம் அனுமதித்த மொத்த எடை அது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது அதே லாரிக்கு 18.5 டன் ஆனது. நான்கு அச்சு உள்ள பன்னிரண்டு சக்கர வண்டிக்கு 31 டன்னிலிருந்து 35 டன் ஆனது. புதிய மலை எதுவும் வரவில்லை, பழைய மலைகளின் சாய்வும் குறையவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள்மீது காகிதத்தில் பாரம் கூடியது. ஓவர்லோடை ஒழிக்கும் வழி அதைச் சட்டபூர்வமாக்குவதுதான் என்று முடிவெடுத்தது போல எனக்கு அன்றே தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. திம்பம் மட்டும் பழைய எண்ணிலேயே நின்றுகொண்டது. மலைக்குத் தகுந்த எண் அதுதான்.

இனி தொப்பூர். வடக்கிலிருந்து வருகிற லாரி எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். அது பெங்களூரிலிருந்து வந்திருக்கலாம், ஆந்திராவிலிருந்து வந்திருக்கலாம், நாக்பூருக்கும் அப்பாலிருந்து வந்திருக்கலாம். சிமெண்டு, இரும்பு, நெல், மார்பிள் என எது வேண்டுமானாலும் பாரமாக இருக்கலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகப் பல மணி நேரம் அகலமான சாலையில் சீராக ஓடி வந்திருக்கிறது. பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியாகிவிட்டது. சேலம் கிட்டத்தில்தான். ஓட்டுநர் நாமக்கல்லையோ சங்ககிரியையோ சேர்ந்தவர் என்றால் வீடும் கிட்டத்தில்தான். அந்த நேரத்தில் சாலை கீழே சரிகிறது. கண்ணுக்கு முன்னால் அகலமும் நேரும்தான் தெரிகின்றன. எந்த வளைவும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. வண்டி தானாக வேகம் எடுக்கிறது, எஞ்சின் சத்தம் குறைகிறது. களைத்த உடம்புக்கு இதைவிட இதமான இடம் வழியில் வேறு இல்லை. கட்டமேடு, பிறகு இரட்டைப் பாலம். விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. இறக்கத்தின் முடிவில், வண்டி அதிகபட்ச வேகத்தில் இருக்கும்போது, வளைவும் பாலமும் சேர்ந்து வருகின்றன.

2020 டிசம்பர் 12 அன்று சிமெண்டு ஏற்றிய லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னே மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்மீது ஏறியது. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று ஒரு லாரி முன்னால் போன லாரியில் மோத, ஒன்று பாலத்திலிருந்து கீழே விழுந்தது. இடையில் சிக்கிய கார் தீப்பற்றியது. அன்றும் நான்கு பேர். அந்தக் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடு முழுவதும் கைப்பேசிகளில் ஓடியது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே சொல் ‘பிரேக் பிடிக்கவில்லை.’

பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 35 டன் எடை 100 மீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 34 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் கிடைக்கும் சூட்டுக்கு அது ஏறத்தாழச் சமம். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். வண்டியின் வேகம் கூடாமல் இருக்க வேண்டும் என்றால் இந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். போவதற்கு இரண்டு இடம்தான் பெரிதாக உண்டு. ஒன்று எஞ்சின். குறைந்த கியரில் இறங்கினால் சக்கரம் எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் முரண்டு பிடித்து வண்டியை இழுத்துப் பிடிக்கும், எக்ஸாஸ்ட் பிரேக் அந்தப் பிடியை இறுக்கும், சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறும். இதை எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது இடம் எட்டு பிரேக் டிரம்கள். அவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்விசிறி கிடையாது. வாங்கிய சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்கு மெல்ல மெல்லத்தான் கொடுக்கும்.

டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கும் லைனருக்கும் அதற்கும் இடையே இடைவெளி கூடும். ஓட்டுநர் மேலும் அழுத்துவார். லைனரும் காய்ந்து தன் பிடிப்பை இழக்கத் தொடங்கும், கருகல் வாடை வரும். அவர் விட்டுவிட்டு மிதிப்பார், விட்டுவிட்டு மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வண்டியை நியூட்ரலில் விட்டிருந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் கம்ப்ரசரால் அதை ஈடுகட்ட முடியாது. காற்று மிகவும் குறைந்தால் ஸ்பிரிங் தானாகப் பிரேக்கைப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு என்பது உண்மை. ஆனால் அதுவும் பிடிப்பது அதே விரிந்த டிரம்மை, அதே கருகிய லைனரைக் கொண்டுதான். கியரில் போட்டு நிறுத்தலாம் என்று அப்போது நினைத்தால் கியர் விழாது, பல் உராயும் சத்தம்தான் வரும். சக்கரத்தின் வேகத்துக்கும் எஞ்சினின் வேகத்துக்கும் அவ்வளவு தூரம்.

வேகத்தின் பங்கும் இங்கேதான் இருக்கிறது. இறங்கும் உயரம் மாறாததால் மொத்தச் சூடு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் பதினைந்து நிமிடத்தில் ஆற வேண்டிய சூடு, 60-இல் ஏழு நிமிடத்தில் ஆறியாக வேண்டும். ஆறாது. கனரக வண்டிகளுக்கு 30 கிலோமீட்டர் என்று தொப்பூரில் வைத்திருக்கும் வரம்பு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒலிபெருக்கியில் குறைந்த கியரில் செல்லுங்கள், நியூட்ரலில் செல்லாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட கேபினுக்குள், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அது எவ்வளவு போய்ச் சேரும்?

எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது லாரித் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம். திம்பத்தில் அது தானாக நிறைவேறுகிறது. தொப்பூரில் ஏன் மறந்துபோகிறது என்று கேட்டால், ‘ஓட்டுநரின் அலட்சியம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முதல் தகவல் அறிக்கை முடிந்துவிடும். அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். நியூட்ரலில் விடுவது அலட்சியத்தால் வருவதில்லை, அது ஒரு கணக்கு. லாரித் தொழிலில் பல இடங்களில் டீசலுக்கு மைலேஜ் கணக்கு உண்டு. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று ஓனர் நிர்ணயிப்பார். கூடினால் பேட்டாவில் பிடித்தம், குறைந்தால் மிச்சம் ஓட்டுநருக்கு. மாதச் சம்பளம் என்று உறுதியான ஒன்று இல்லாத தொழிலில் அந்த மிச்சம்தான் வீட்டுக்குப் போகும் பணம். பல நாள் தூக்கம் கெட்டு வண்டி ஓட்டும் ஒருவரிடம், டீசலை மிச்சம் பிடி என்று ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குச் சொல்லிவிட்டு, ஏழு கிலோமீட்டருக்கு மட்டும் வேறு மாதிரி யோசி என்று எதிர்பார்க்கிறோம்.

இதில் நெஞ்சை அறுக்கும் உண்மை ஒன்று உண்டு. செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சம் பிடிப்பதே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மின்னணுக் கட்டுப்பாடு உள்ள இன்றைய எஞ்சின் டீசல் தெளிப்பதை அடியோடு நிறுத்திவிடும். எஞ்சினைச் சுற்றுவது சக்கரமும் இறக்கமும்தான். நியூட்ரலில் போட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடுவதால், எஞ்சின் அணையாமல் இருக்கத் தானே டீசல் குடிக்க வேண்டும். அதாவது, உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் அந்த இறக்கத்தில் நியூட்ரல்தான் அதிக டீசல் எரிக்கிறது. மேடும் பள்ளமுமான மெல்லிய சரிவுகளில் உருண்டு போகும் தூரத்தால் ஏதோ மிச்சமாகலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டிய தொப்பூர் போன்ற இடத்தில் துளி லாபமில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 லாரிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். இதை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவர்கள் யார்? வண்டி விற்கும் நிறுவனம், வாங்கும் ஓனர், உரிமம் கொடுக்கும் போக்குவரத்துத் துறை ஆகிய மூவரும்தான். ‘நியூட்ரலில் போகாதே’ என்று அதட்டும் பலகைக்குப் பக்கத்திலேயே ‘நியூட்ரலில் டீசல் கூடும்’ என்று ஒரு பலகை வைத்தால், அது பையில் இருக்கும் பணத்தோடு பேசும்.

இந்த இரண்டு கணவாய்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை மைசூர் மேட்டிலிருந்து திம்பத்துக்குச் சற்று மேற்கே உள்ள கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயரை எதிர்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் அதே படை பாராமகாலிலிருந்து, அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து, தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கியது. பீரங்கிகளை மாடுகள் இழுத்த காலம் அது. மைசூர் மேட்டுக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் இடையே பாரம் இறங்க வழி கேட்டால் நிலம் காட்டுவது இந்தச் சில இடுக்குகளைத்தான். அன்றும் அதே நிலைதான்.

தொப்பூருக்கு இப்போது மேம்பாலச் சாலை வருகிறது. 6.6 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 775 கோடி ரூபாயில் சாய்வைக் குறைத்து உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் அது. 2024 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வரவேற்க வேண்டிய திட்டம், ஐயமில்லை. சாய்வு குறைந்தால் சூடு நீண்ட தூரத்தில் பரவும், டிரம் பிழைக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாதையை அகலமாக்கி, நேராக்கி, நான்கு வழியாக்கியபோதும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். எதிரெதிர் மோதல் குறைந்ததும் உண்மை. கூடவே ஓட்டுநரைக் கேள்வி கேட்கும் கடைசி வளைவுகளும் போய்விட்டன. புதிய சாலை இன்னும் நேராக, இன்னும் வழவழப்பாக இருக்கும். தொடக்கத்துக்கும் இறுதிக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு மட்டும் குறையாது. மலையை வெட்டி எறிந்தாலொழிய 35 டன்னும் அதே அளவு கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

திம்பத்துக்குப் பண்ணாரிக் கோயில் வாசல் செய்யும் வேலையைத் தொப்பூருக்கு எது செய்கிறது? பாளையம் சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் ஏற்கெனவே வேகம் குறைத்தே போகின்றன. பணம் வாங்கும் அந்த இடத்தைத் தாண்டி, இறக்கம் தொடங்கும் முன், கனரக வண்டிகள் எல்லாம் பத்து நிமிடம் கட்டாயம் நின்று போக ஒரு விரிந்த இடம் வேண்டும். டயரையும் டிரம்மையும் கையருகே பார்க்க வெளிச்சம், குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, ஒரு டீக்கடை. காற்றழுத்தம் பார்த்து, குறைந்த கியரில் போட்டு, அங்கிருந்து நகர வேண்டும். கட்டாய நிறுத்தம் என்றால் நேரம் போகிறதே என்று ஓனர்கள் சங்கம் முதலில் எதிர்க்கும். திம்பத்தில் ஒரு லாரி நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்கும் அதே தொழில்தான் இது. பத்து நிமிடத்தைத் தாங்கும்.

கடைசியாக ஒன்று, இதுவே என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்து வந்த விஷயம். காட்டுக்காகத் திம்பத்தில் 16.2 டன் கோடு போட்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். யானைக்கும் சிறுத்தைக்கும் அந்த இரவு சொந்தம். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலிருக்கும் லாரிகள் ஆவியாகிவிடவில்லை. கோவை, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கர்நாடகத்துக்குப் போகும் பன்னிரண்டு சக்கர வண்டிகளும் ட்ரெய்லர்களும் சேலம், தர்மபுரி, ஓசூர் என்று சுற்றுகின்றன. போகும்போது தொப்பூரை ஏறுகின்றன, ஏற்றம் அவற்றை மெதுவாக்கிவிடுகிறது. திரும்பும்போது, கூடுதலாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய களைப்போடு, வேறொரு பாரத்தை ஏற்றிக்கொண்டு, அதே கணவாயில் இறங்குகின்றன. திம்பத்தின் சோதனைச் சாவடியில் எடை பார்த்துத் திருப்பி அனுப்பும் அரசு, அந்த எடை அடுத்து எந்த இறக்கத்துக்குப் போகிறது என்பதையும் அதே கோப்பில் எழுதிவைத்து, அங்கே பிரேக் பார்க்க ஓர் ஆளையும் நிறுத்தியிருக்க வேண்டும்.